இருபது தவணைகளும் ஐந்தாம் தலைமுறையும்

வீட்டுக்கடன் பெற்ற வாடிக்கையாளர் எவரும் பின்வரும் கணக்கை எளிதில் சரிபார்த்துக்கொள்ளலாம். 2022-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று தொடங்கி ஆகஸ்டு 1 அன்று நிறைவுற்ற அலைக்கற்றை ஏலத்தில் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் 88,078 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை எடுத்தது. இத்தொகையை 7.2 விழுக்காடு வட்டியுடன், 20 சம ஆண்டுத் தவணைகளில், ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் செலுத்தலாம் என்பது ஏல விதி. வாய்பாட்டில் இட்டுப் பார்த்தால் ஆண்டுத் தவணை 7,877 கோடி ரூபாய் வருகிறது. இருபது தவணைகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 1,57,500 கோடி. அதாவது, அசலைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கிற்குச் சற்று மேல்.

2024 டிசம்பர் முடிவில் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 48 கோடி. தவணையைத் தலைக்கு வகுத்தால் ஆண்டுக்கு 164 ரூபாய், மாதத்துக்கு 14 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே காலாண்டில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து நிறுவனத்துக்குக் கிடைத்த சராசரி மாத வருவாய் 203 ரூபாய். இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் இது வெறும் உரிமைக்கான விலை. கோபுரம், ஒளியிழை, அலைபரப்புக் கருவிகள், மின்சாரம், வருவாயில் 8 விழுக்காடு உரிமக் கட்டணம், முந்தைய ஏலங்களின் நிலுவை ஆகிய அனைத்தும் இதன்மேல் அடுக்கப்படுகின்றன. அந்த ஏலத்தில் எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட தொகை 1,50,173 கோடி ரூபாய்.

இனி, எதிர்ப்பக்கக் கணக்கைப் பார்ப்போம். 4ஜி-யில் திரைப்படம் பார்த்த ஒருவர் 5ஜி-யிலும் அதே திரைப்படத்தைத்தான் பார்க்கிறார். படம் விரைவில் திறக்கிறது என்பதற்காக அவர் இருமடங்கு கட்டணம் தருவதில்லை. செலவு உறுதியாக உயர்ந்துவிட்டது. வருவாய் உயருமா என்பது உறுதியில்லை. ஐந்தாம் தலைமுறை பற்றிய எல்லா வணிக விவாதங்களும் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன.

விற்பனைப் பொருள் மாறிய வரலாறு

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எதை விற்கின்றன என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1995 ஜூலை 31 அன்று அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதுவே நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு. அந்நாளில் விற்கப்பட்டது நிமிடம். ஒரு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரையிலும் கட்டணம் இருந்தது; நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே பணம் செலுத்தினோம். உள்வரும் அழைப்பு இலவசமானது 2003-இல்தான். 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான உரிமக் கட்டணத்தை நீக்கி, வருவாயில் பங்கு என்ற முறையைக் கொணர்ந்தது. அந்த ஒரு மாற்றம் இல்லாதிருப்பின் பல நிறுவனங்கள் அப்போதே மூடியிருக்கும்.

2004-இல் பாரதி ஏர்டெல் வலையமைப்பை அமைத்து இயக்கும் பணியை எரிக்சன் முதலிய கருவி நிறுவனங்களிடமும், கணினிப் பணியை ஐபிஎம் நிறுவனத்திடமும் ஒப்படைத்தது. பயன்படும் கொள்திறனுக்கு ஏற்பப் பணம் என்பதே ஒப்பந்தத்தின் அடிப்படை. மலிவான நிமிடங்களைப் பெருமளவில் விற்க அது வழிவகுத்தது. 2009-இல் நொடிக் கட்டணம் வந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ களமிறங்கியபோது குரலழைப்புக்குத் தனிக் கட்டணமே இல்லாமல் போயிற்று. நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்பதே விற்பனைப் பொருளாயிற்று. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சிலர் வீழ்ந்தனர். ஏர்செல் 2018-இல் நொடிப்பு நடவடிக்கைக்குச் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின.

அளவா, உறுதிமொழியா?

நிமிடம், நொடி, ஜிபி ஆகிய மூன்றும் அளவுகள். 5ஜி தொழில்நுட்பம் அளவுக்குப் பதிலாக உறுதிமொழியை விற்க இடந்தருகிறது என்பதே அதன் உண்மையான புதுமை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இத்தலைமுறைக்கு வகுத்த இலக்குகளில் வேகம் ஒன்று மட்டுமே. செய்தி சென்று சேரும் தாமதம் ஒரு மில்லி நொடி அளவுக்குக் குறைதல், ஒரு சதுர கிலோமீட்டரில் 10 இலட்சம் கருவிகளை இணைத்தல் ஆகியனவும் அவற்றுள் அடங்கும்.

இதைச் செயற்படுத்தும் முறைக்கு ‘வலையமைப்புக் கூறாக்கம்’ எனப் பெயரிடலாம். வங்கிக் கிளையை எண்ணிப் பாருங்கள். கூடம் ஒன்று, ஊழியர்கள் அவர்களே. ஆயினும் மூத்த குடிமக்களுக்கு ஒரு சாளரம், நகைக்கடனுக்கு ஒரு சாளரம் எனப் பிரிக்கிறோம். பொது வரிசை எவ்வளவு நீண்டாலும் அச்சாளரத்தின் காத்திருப்பு நேரம் கட்டுக்குள் இருக்கும். அதுபோலவே ஒரே கோபுரமும் ஒரே அலைக்கற்றையும் மென்பொருளால் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்த தரம் உறுதி செய்யப்படுகிறது. இதற்கு மையப் பகுதியும் 5ஜி-யாகவே அமைந்த ‘தனித்து நிற்கும்’ வலையமைப்பு தேவை. ஜியோ தொடக்கத்திலேயே அவ்வழியைத் தேர்ந்தது. ஏர்டெல் செலவு குறைந்த வழியாக, 4ஜி மையத்தின்மேல் 5ஜி அலைபரப்பியைப் பொருத்தித் தொடங்கியது.

உறுதிமொழியை வாங்குவோர் யார்? தொழிற்சாலைகள் என்பது வழக்கமான விடை. புனேக்கு அருகிலுள்ள சாகன் என்னும் ஊரில் மகிந்திரா நிறுவனத்தின் வாகன ஆலை இருக்கிறது. அங்கு 2022-இல் ஏர்டெல்லும் டெக் மகிந்திராவும் தனி 5ஜி வலையமைப்பை நிறுவின. ஆலையை விட்டு வெளியேறுமுன் ஒவ்வொரு வாகனத்திலும் மென்பொருள் ஏற்றப்பட வேண்டும். கம்பியில்லா இணைப்பு வேகமாகவும் தடையின்றியும் இருந்தால் அப்பணி விரைகிறது. இங்கே வாடிக்கையாளர் ஜிபி-யை எண்ணுவதில்லை, வாகனங்களை எண்ணுகிறார்.

ஆனால், ஆலை உரிமையாளர் தொலைத்தொடர்பு நிறுவனத்தை நாடத்தான் வேண்டுமா? ஜெர்மனி 3.7 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையை உள்ளூர்த் தொழிற்சாலைகளுக்கென்றே ஒதுக்கி, 2019 முதல் நேரடியாக வழங்குகிறது. இந்தியாவிலும் 2022 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை தனி வலையமைப்புகளுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நிறுவனங்களுக்கு நேரடியாக அலைக்கற்றை தருவதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. பெரும் வருவாய் தரக்கூடிய வாடிக்கையாளரே கைவிட்டுப் போனால் தவணையை எங்ஙனம் கட்டுவது என்பது அவர்களது வாதம். வாதம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் தனி வலையமைப்பு நடத்துவது எளிதன்று என்பதையும் கருத வேண்டும். அதே ஏலத்தில் 212 கோடி ரூபாய்க்கு 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை எடுத்த அதானி டேட்டா நெட்வொர்க்ஸ், அவ்வுரிமையை ஏர்டெல்லுக்கு மாற்றித்தர 2025-இல் உடன்பட்டது. இத்தகைய உயர் அலைவரிசைகள் குறுகிய தொலைவே செல்பவை. தென்கொரியாவில் 28 கிகாஹெர்ட்ஸ் ஒதுக்கீடு பெற்ற மூன்று நிறுவனங்களும் போதிய நிலையங்களை அமைக்கவில்லை என்பதால் அரசு 2022-2023-இல் அவற்றின் ஒதுக்கீட்டை விலக்கிக்கொண்டது.

ஆக, ஆலைகளை நம்பி எழுதப்பட்ட வணிகத் திட்டங்கள் மெதுவாகவே நடக்கின்றன. உண்மையில் விற்பனையானது, அறிவிப்புகளில் அதிகம் பேசப்படாத ஒன்று: வீட்டுக்கு வானலை வழி அகலக்கற்றை. 2023 செப்டம்பரில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கப்பட்ட ஜியோ ஏர்ஃபைபர், வரி நீங்கலாக 599 ரூபாய்க்கு விநாடிக்கு 30 மெகாபிட் என்று விலை குறித்தது. ஏர்டெல் அதற்கு முந்தைய மாதமே தில்லியிலும் மும்பையிலும் தொடங்கியிருந்தது. தெருவைத் தோண்டிக் கம்பி பதிக்காமல், கோபுரத்தில் வீணே கிடக்கும் கொள்திறனைக் குடும்பங்களுக்கு விற்கும் முறை இது. ஒரு கைப்பேசித் திட்டத்தைவிட ஒரு வீட்டு இணைப்பு கூடுதல் வருவாய் தருகிறது. ஆனால் வீட்டில் தொலைக்காட்சி மணிக்கணக்கில் ஓடுமாதலால் அது உறிஞ்சும் தரவும் மிகுதி. கோபுரம் நிறைந்துவிட்டால் இந்த வணிகமும் நின்றுவிடும்.

பொது வரிசையில் நிற்பவர்

சாளர உவமைக்குத் திரும்புவோம். சிறப்புச் சாளரத்துக்கு ஓர் ஊழியரை மாற்றினால் பொது வரிசையில் ஒருவர் குறைகிறார். கம்பியில்லா வலையமைப்பிலும் அப்படியே. ஒரு கோபுரத்தின் கொள்திறன் அதன் எல்லைக்குள் உள்ளோர் அனைவருக்கும் பொது. அதில் ஒரு பகுதியைக் கட்டணம் மிகுதியாகத் தருவோருக்கு உறுதி செய்தால், நெரிசல் வேளையில் மற்றவர்களின் வேகம் குறையும்.

இது வெறும் கற்பனை அன்று. 2020 ஜூலையில், உயர்கட்டணத் திட்டத்தினருக்கு 4ஜி-யில் முன்னுரிமை என்று ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் விளம்பரம் செய்தபோது, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அத்திட்டங்களை நிறுத்திவைக்கச் சொன்னது. பிறர்க்குரிய தரம் குறையாதா என்பதே ஆணையம் எழுப்பிய கேள்வி. அதற்கு முன்னரே, 2016 பிப்ரவரியில், இணைய உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுவேறு கட்டணம் வாங்குவதை ட்ராய் தடை செய்திருந்தது. 2018-இல் அரசு ஏற்ற இணையச் சமநிலை விதிகளில், தொலைநிலை அறுவை சிகிச்சை போன்ற தனிச்சிறப்புச் சேவைகளுக்கு மட்டும் விலக்குண்டு. கைப்பேசி விளையாட்டுக்கென விற்கப்படும் ஒரு கூறு அவ்விலக்குக்குள் வருமா? வாராது என்பதே என் கருத்து. ஆலைக்கு உள்ளே உறுதிமொழி விற்பது வேறு. பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டுச் செயலியைத் திறக்கும் நூறு பேரின் இடையே அதை விற்பது வேறு.

இதுவரை சாதாரண வாடிக்கையாளர் நேரில் உணர்ந்த மாற்றம், கூறாக்கமோ ஆலையோ அன்று, ரீசார்ஜ் தொகைதான். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின. நாளொன்றுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டம் உடையோருக்கே வரம்பற்ற 5ஜி என்று ஜியோ அப்போது வரையறுத்தது. புதிய வணிக முறைகள் கைகூடும் வரை தவணையைச் சுமப்பது இவ்வுயர்வே.

வங்கியும் ஒரு வாடிக்கையாளரே

வங்கித் துறைக்கு நெருங்கிய ஒரு முயற்சியும் உண்டு. உங்கள் பெயரில் மோசடியாக மாற்று சிம் பெற்று, அதற்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லால் கணக்கைச் சுரண்டும் குற்றம் பலரும் அறிந்ததே. சிம் அண்மையில் மாற்றப்பட்டதா என்பதை வங்கி அறியாது. தொலைத்தொடர்பு நிறுவனம் அறியும். அந்த ஒற்றைச் செய்தியைப் பணப் பரிமாற்றத்தின் கணத்திலேயே கணினிக்குக் கணினி கேட்டுப் பெற முடிந்தால், ஐயத்துக்குரிய பரிமாற்றத்தை நிறுத்திவைக்கலாம். இவ்வகை வினவல்களுக்குப் பொதுவான முறையை வகுக்க, கைப்பேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2023 பிப்ரவரியில் ‘ஓப்பன் கேட்வே’ திட்டத்தைத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் எரிக்சனுடன் 12 தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கூட்டு நிறுவனம் ஒன்றை அறிவித்தன. ஏர்டெல்லும் ஜியோவும் அவற்றுள் உள்ளன. இங்கு விற்பனைப் பொருள் ஜிபி அன்று, ஒரு விடை. இதற்கு 5ஜி கட்டாயத் தேவையன்று என்பது சற்று வேடிக்கையான உண்மை. ஆனால் இந்த விற்பனையைத் தேடும்படி நிறுவனங்களைத் தூண்டியது 5ஜி-யின் செலவே. விடைக்கான விலையை வங்கி ஏற்குமா, அது சேவைக் கட்டணமாக வாடிக்கையாளரை வந்தடையுமா என்பதைக் கவனிக்க வேண்டும்.

தவணை தவறினால் நேர்வது என்ன என்பதற்கும் முன்னுதாரணம் கிடைத்துவிட்டது. வோடஃபோன் ஐடியாவின் நிலுவைகளில் 16,133 கோடி ரூபாயை 2023-இலும் 36,950 கோடி ரூபாயை 2025-இலும் அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டது. அந்நிறுவனத்தில் அரசின் பங்கு 48.99 விழுக்காடு ஆயிற்று. கடன் கொடுத்தவரே பங்குதாரரானார். அதாவது, வரி செலுத்தும் நாமும் ஆனோம்.

2022-இல் தொடங்கிய இருபது தவணைகளில் கடைசித் தவணைக்குரிய ஆண்டு 2041. ஆறாம் தலைமுறைச் சேவை 2030-ஐ ஒட்டி வரும் என்று உலகெங்கும் திட்டமிடப்படுகிறது. அலைக்கற்றை அப்போதும் பயன்படும்; அது தலைமுறைக்குக் கட்டுப்பட்டதன்று. கோபுரத்தின் மேலுள்ள கருவிகளோ மீண்டும் ஒருமுறை மாற்றப்பட வேண்டும். அவற்றுக்கான கடனும் புதிதாகவே எழுதப்படும்.