எக்கரும் தேரியும்

நுழையும்முன்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை கடலுக்கு அண்மையில் அமைந்ததுதான். ஆயினும் பேருந்தில் செல்வோர்க்குப் பல இடங்களில் கடல் தென்படுவதில்லை. இடையில் மணல்மேடும் பனைகளும் உடைமரங்களும் மறைத்து நிற்கின்றன. அம்மேட்டைக் கடந்து கடலோரமாக நடப்பவர்க்கே, ஊர்கள் அங்கே நிலைபெற்றதன் காரணம் விளங்கும். தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களையும் அவற்றை அடுத்துள்ள மணல்வெளிகளையும் இணைக்கும் எளிய நடைவழிகள் குறித்து இப்பாடம் பேசுகிறது.

மணலுக்கு ஒரு சொல்

அலைகளும் காற்றும் கொண்டுவந்து குவித்த மணல்மேட்டைச் சங்க இலக்கியம் 'எக்கர்' என்று குறிப்பிடும். கடலோரச் சோலை 'கானல்' எனப்பட்டது. நெய்தல் திணைப் பாடல்களில் தலைவியும் தோழியும் விளையாடுவதும், தலைவன் வரவுக்குக் காத்திருப்பதும் பெரும்பாலும் இவ்விடங்களில்தான். கடற்கரையிலிருந்து விலகி உள்நிலத்தில் பரந்து கிடக்கும் செம்மணற் பரப்புக்குத் தென்மாவட்ட மக்கள் இட்ட பெயர் 'தேரி'. எக்கர் வெண்மையானது, அலையின் அருகில் இருப்பது. தேரி செந்நிறமானது, அலையோசை எட்டாத தொலைவில் இருப்பது. ஒரே நாளில் இவ்விரண்டையும் நடந்து காணும் வாய்ப்புள்ள ஊர்கள் தமிழகத்தில் மிகச் சிலவே.

குலசேகரப்பட்டினம் முதல் மணப்பாடு வரை

முத்தாரம்மன் கோவில் தசராவால் புகழ்பெற்ற ஊர் குலசேகரப்பட்டினம். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் இவ்வூர் உப்பளத்திற்கும் இடமுண்டு. 2024ஆம் ஆண்டு இப்பகுதியில் விண்வெளி ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து தெற்கே ஏவப்படும் விண்கலம் இலங்கையின் மீது பறக்காமல் நேராகத் துருவப் பாதையை அடைய இயலும் என்பதே இவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம்.

இவ்வூரிலிருந்து மணப்பாடு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கடலை இடப்புறம் கொண்டு தென்திசை நோக்கி நடத்தல் வேண்டும். ஏற்றம் இல்லை, வழி தவறவும் இடமில்லை. விடியற்பொழுதே ஏற்றது. வெயில் ஏறிய பின் உலர்மணல் காலைச் சுடும். அலை நனைத்துச் சென்ற ஈரமணலில் நடந்தால் கால் புதையாது. மணல்துகள்களுக்கிடையே தங்கும் சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் ஈரமணல் இறுகி நிற்கிறது. பாதையே இல்லாத கரையில் கடலோர மக்கள் தலைச்சுமையோடு விரைந்து நடக்கும் நுட்பம் இதுதான்.

ஈரமணலில் ஆங்காங்கே கரிய கோடுகளும் இளஞ்சிவப்புக் கோடுகளும் தென்படும். அவை அழுக்கல்ல. கரியது இல்மனைட்டு, இளஞ்சிவப்பு கார்னெட்டு. எடை மிகுந்த இத்தாதுக்களைக் கரையிலேயே விட்டுவிட்டு, எடை குறைந்த வெண்மணலை அலை வாரிச் செல்கிறது. இந்தக் கோடுகளுக்காகவே தென்கடற்கரை மணல் பல்லாண்டுகள் அள்ளப்பட்டது. 2013ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தாதுமணல் அகழ்வை நிறுத்தி ஆணையிட்டது.

கரையிலிருந்து மேட்டை நோக்கிச் சற்றே திரும்பினால் முதலில் காலில் தட்டுப்படுவது அடம்பங்கொடி. இதன் பிளவுபட்ட இலையைக் குறுந்தொகைப் பாடலொன்று மானின் அடிக்கு ஒப்பிடுகிறது. இக்கொடிக்கு அறிவியலார் இட்ட பெயரிலும் 'ஆட்டின் கால்' என்னும் பொருள் அமைந்துள்ளது. ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் இருவேறு மொழியினர் ஓர் இலையில் ஏறக்குறைய ஒரே குளம்பைக் கண்டிருக்கின்றனர்! அடம்பை அடுத்து, ஊசிபோன்ற இலைகளையுடைய இராவணன் மீசை என்னும் புல் வளர்கிறது. பறந்து வரும் மணல் இவற்றில் தடைப்பட்டு விழுகிறது. மணல் மூட மூட இவை மேலெழுந்து வளர்கின்றன. மேடும் உடன் உயர்கிறது. எக்கரைக் காற்று மட்டும் கட்டவில்லை. செடிகளும் சேர்ந்தே கட்டுகின்றன. ஆகவே நடப்பவர் மேட்டின்மீது தம் விருப்பம்போல் ஏறி இறங்காமல், ஊரார் பழகிய தடத்திலேயே கடப்பது முறை. கொடி அறுந்த இடத்தில் காற்று பள்ளம் பறித்துவிடும்.

நடையின் இறுதியில் மணப்பாட்டுக் குன்று எழுகிறது. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம்; அருகே கலங்கரை விளக்கம். 1542இல் இக்கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிசு சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகை குன்றின் கடலோரச் சரிவில் உள்ளது. கருமேனியாறு இங்குதான் கடலைச் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் ஆற்றில் நீரோட்டம் இருப்பதில்லை. அலைகள் ஒதுக்கிய மணல்திட்டு அதன் வாயை அடைக்க, உட்புறம் உப்பங்கழி தேங்கி நிற்கும்.

மேட்டின் அடியில் நீர்

திருச்செந்தூர்க் கோவிலுக்கு வருவோர் கடலில் நீராடியபின் நாழிக்கிணற்றில் நீராடுவர். கடலுக்கு இத்துணை அருகில் நன்னீர் சுரப்பதை அடியார்கள் முருகன் அருளாகக் கொள்கின்றனர். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கும் வழக்கம் கடலோரத்தில் பழமையானது. இதன் பின்னுள்ள இயற்கை நெறி, மணல்மேடு ஏன் காக்கப்பட வேண்டும் என்பதைத் தெளிவாக்கும்.

மணல்மேட்டில் பெய்யும் மழை ஓடி வீணாவதில்லை, உள்ளே இறங்குகிறது. நிலத்தடியில் ஏற்கெனவே கடல்நீர் பரவியிருக்கும். நன்னீர் அதனினும் அடர்த்தி குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு மிகுதி. இதனைக்கொண்டு கணக்கிட்டால், கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயரம் நன்னீர் நிற்குமிடத்தில், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். நெதர்லாந்து நாட்டுப் பொறியாளர் கைபன் என்பவரும், பின்னர் செருமானியரான எர்ட்சுபெர்க்கு என்பவரும் தனித்தனியே கண்டறிந்த கணக்கு இது.

இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். மேட்டை மட்டப்படுத்துவதாலோ, மிகுதியாக நீரை இறைப்பதாலோ நன்னீரின் மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், அடியில் உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலேறும். மேல்மணலில் நேர்ந்த இழப்பைவிட ஊர்க் கிணற்றில் நேரும் இழப்பு பன்மடங்கு பெரிது. அது உடனே கண்ணுக்குத் தெரிவதுமில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கிணறு உவர்க்கும்போது, மணல் போனதை யார் நினைவில் வைத்திருப்பர்?

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது, உயர்ந்த மணல்மேடுகள் இருந்த இடங்களில் கடல்நீர் உட்புகுந்தது குறைவு என ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணற்குன்றுகளைச் சீர்ப்படுத்துவதையும் மாற்றியமைப்பதையும் தடைசெய்தது. அழகுபடுத்துவதற்கென மட்டப்படுத்துவதற்கும் அத்தடை பொருந்தியது. கடற்கரையைச் 'சீராக்கி' நடைமேடை அமைப்பதை வளர்ச்சியெனக் கருதுவோர் அறியவேண்டிய விதி இது.

செம்மணல் வெளி

மற்றொரு நடை கடலுக்குப் புறங்காட்டி மேற்கே செல்வது. திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழியைக் கடந்தால் மண் செந்நிறம் கொள்ளத் தொடங்கும். தேரிக்குடியிருப்பை அடைகையில் கண்ணெட்டும் தொலைவெல்லாம் செம்மணல். மணல்துகளின்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதே இந்நிறத்திற்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து, தடுப்பாரற்று இச்சமவெளியில் வீசும். காற்றோடு மணலும் நகரும். அதனைத் தடுக்கவே பனையும், இவ்வட்டாரத்தார் கொல்லாமரம் என்றழைக்கும் முந்திரியும் வளர்க்கப்பட்டன. தேரிப் பகுதிகளில் கற்கால மனிதர் பயன்படுத்திய நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. அந்நாளிலும் இங்கு நீர் இருந்திருக்க வேண்டும்.

இன்றும் இருக்கிறது. மேலப்புதுக்குடியை அடுத்த தேரியினுள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் உள்ளது. சுற்றிலும் வறண்ட செம்மணல். நடுவே சுனையும் நிழல்மரங்களும். மழைநீரை மணல் உறிஞ்சிவைத்துத் தாழ்ந்த இடத்தில் சுரக்கவிடுகிறது. தெய்வத்தின் பெயரே 'சுனையைக் காத்தவர்' என அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

1841இல் சென்னையிலிருந்து பெரும்பாலும் கால்நடையாகவே பயணம் செய்து நெல்லைச் சீமையை அடைந்த இராபர்ட் கால்டுவெல், இத்தேரி நிலத்தைச் சார்ந்த இடையன்குடியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் உருவானது செம்மணலும் பனையும் சூழ்ந்த இவ்வூரில்தான்.

தேரியில் நடப்பது கடலோர நடையைப்போல் எளிதன்று. தொலைவு குறைவாயினும் ஒவ்வோர் அடியும் புதையும். மேட்டுக்கு மேடு ஒன்றுபோல் தோன்றுவதால் திசை மயங்கும். ஊரார் துணையோடும் குடிநீரோடும், கோவிலுக்குச் செல்லும் தடத்தில் மட்டும் செல்வதே தக்கது. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவிலில் கார்த்திகை மாதம் கள்ளர்வெட்டு விழா நடைபெறும். அன்று இத்தடமெங்கும் மக்கள் நடந்து வருவர். விழா முடிந்ததும் இளநீர் சிந்திய செம்மணலைப் பிடி அள்ளி முடிந்துகொண்டு, தத்தம் வீட்டிலும் வயலிலும் இடுவதற்காக எடுத்துச்செல்வர்.