டீசல் வண்டியின் பில்டரை வீட்டிலேயே மாற்றுவோம்



ஐப்பசி மழைக்கால இரவொன்றில், மேல்கணக்கு லயத்திலிருந்து பிரசவ வலி கண்ட ஒரு தங்கச்சியை வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். நானும் கூடப் போனேன். இரண்டு முடக்கு ஏறியதும் வண்டி இழுக்க மாட்டாமல் திணறி, அப்படியே நின்றுவிட்டது. வேறு வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் போச்சு. தாயும் பிள்ளையும் சுகம். அது நம்ம நல்ல காலம். மறுநாள் கழற்றிப் பார்த்தால் டீசல் பில்டர் முழுக்கக் கறுத்த சேறும் தண்ணீரும். இந்தச் சின்னச் சாமானை மாற்றாமல் விட்டதால்தான் அவ்வளவு பாடு.

நமது தோட்டங்களில் வேன், சின்ன லொறி என்று பலர் சொந்தமாக டீசல் வண்டி வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் அதுதான் நமக்கு ஆம்புலன்ஸ். ஆகவே இந்தப் பாடத்தை வண்டி வைத்திருப்பவர் மட்டுமல்ல, வீட்டிலுள்ள இளைஞர், யுவதிகளும் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

பில்டர் என்ன செய்கிறது?

டாங்கியிலிருந்து வரும் டீசலில் துரு, தூசி, தண்ணீர் எல்லாம் கலந்திருக்கும். பில்டருக்குள் இருக்கும் மடிப்புக் காகிதம் அழுக்கைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் டீசலை விடக் கனம். அதனால் அது அடியில் தங்கிவிடுகிறது. டீசல் பம்புக்கு எண்ணெய் போடுவதும் அந்த டீசல்தான். தண்ணீரும் மண்ணும் உள்ளே போனால் பம்பும் நொசிலும் தேய்ந்து கெட்டுப்போகும். பில்டர் விலை எங்கே, பம்பு விலை எங்கே!

மலைநாட்டுக் குளிரில் இன்னொரு தொல்லை உண்டு. டாங்கி அரைகுறையாக இருந்தால், இராக்குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் நீர்த்துளியாகி டீசலில் இறங்கும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களில் பலரும் கேன்களிலும் பழைய பீப்பாய்களிலும் டீசலைச் சேர்த்து வைத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அப்படி வைத்த டீசலிலும் துருவும் தண்ணீரும் சேரும்.

அடைத்துக்கொண்டதை எப்படி அறிவது?

சமதரையில் நன்றாக ஓடும் வண்டி, பாரத்தோடு ஏற்றத்தில் மட்டும் இழுக்காது. காலையில் ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்படும். ஓடும்போது வெட்டி வெட்டி இழுக்கும். சில வண்டிகளில் தண்ணீர் எச்சரிக்கை லைட் எரியும். ஆனால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். வண்டியின் கைந்நூலில் சொன்ன கிலோமீட்டருக்கு மாற்றுங்கள். பல பழைய வேன்களுக்கு அது ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். அழுக்கு டீசல் போட நேர்ந்திருந்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை

கீழே சொல்லும் முறை, டப்பா போன்ற பில்டரும் அதன் தலையில் கைப்பம்பும் உள்ள பழைய மாதிரி வண்டிகளுக்கே. கொமன் ரெயில் என்ற புது மாதிரி இஞ்சினில் டீசல் மிகக் கடுமையான அழுத்தத்தில் ஓடுகிறது. அந்தக் குழாயைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த வண்டிகளை அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

வேண்டிய சாமான்கள்

உங்கள் வண்டிக்குரிய புதுப் பில்டர், அதோடு வரும் ரப்பர் வளையங்கள், பில்டர் கழற்றும் பட்டி, பழைய பேசின், கண்ணாடிப் போத்தல், நூல் பிரியாத சுத்தமான துணி, டோர்ச் லைட்.

செய்யும் முறை

1. வெளியே சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். இஞ்சின் ஆறட்டும். பெற்றியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பீடி, சிகரெட், குப்பி லாம்பு, அடுப்பு எதுவும் கிட்டே வரக்கூடாது.

2. பில்டரைச் சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடையுங்கள். வெளி அழுக்கு உள்ளே விழுந்தால் செய்த வேலை வீண்.

3. கீழே பேசினை வைத்து, பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி டீசலை இறக்குங்கள். அதில் கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக நிற்பது தண்ணீர். அது அதிகமாக இருந்தால் டாங்கியையும் கழுவ வேண்டும் என்று அர்த்தம்.

4. அடியில் தண்ணீர் லைட்டின் வயர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, பில்டரை இடப்பக்கம் திருகி எடுங்கள். பழைய ரப்பர் வளையம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதன் மேல் புதியதை வைத்தால் ஒழுகும்.

5. அடியிலுள்ள சென்சரைப் பழைய பில்டரிலிருந்து கழற்றி, புது வளையம் போட்டுப் புதியதில் பூட்டுங்கள். மேல் வளையத்தில் கொஞ்சம் சுத்தமான டீசல் தடவுங்கள். புதுப் பில்டரின் நடு ஓட்டை வழியே டீசல் ஊற்ற வேண்டாம். அது வடிபடாமல் நேரே பம்புக்குப் போய்விடும்.

6. கையால் திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு இன்னும் முக்கால் சுற்று போதும். பட்டி போட்டு முறுக்க வேண்டாம். சென்சர் வயரை மறுபடி மாட்டுங்கள்.

7. தலையிலுள்ள கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் லேசாக இறங்கும். டீசல் நிரம்பி, காற்றுப் போனதும் கை கடினமாக உணரும். காற்றுத் திருகு இருந்தால் அதைச் சற்றுத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை அடித்து, பிறகு இறுக்குங்கள்.

8. பெற்றி வயரைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ப் அடிக்கக்கூடாது. பிடிக்காவிட்டால் அரை நிமிடம் விட்டு, மறுபடி கைப்பம்பை அடியுங்கள். ஓடியதும் ஐந்து நிமிடம் விட்டு, ஒழுக்கு உண்டா என்று துணியால் தொட்டுப் பாருங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் பில்டரின் மேலேயே எழுதி வையுங்கள்.

பழைய பில்டரைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது சிலரின் வழக்கம். காகிதத்தில் இறங்கிய அழுக்கு அப்படிப் போகாது. காகிதம் கிழிந்தால் எல்லா மண்ணும் பம்புக்குத்தான்.

வீட்டாருக்கு நான்கு வார்த்தை

கழிவு டீசலைக் கானில் ஊற்றாதீர்கள். கான் தண்ணீர் ஓடைக்குப் போகிறது. கீழ் லயத்துப் பிள்ளைகள் குடிப்பதும் அந்தத் தண்ணீராக இருக்கலாம். மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்கும் கராஜில் கொடுங்கள்.

சோடாப் போத்தலில் டீசல் வைக்கவே கூடாது. சிறுபிள்ளை குடிபானம் என்று நினைத்துக் குடித்துவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு டீசல் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குழாயை வாயால் உறிஞ்சி டீசல் எடுக்கும் பெரியவர்களுக்கும் இதே ஆபத்துத்தான்.

வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். டீசல் கையோடு கொழுந்துச் சாக்கைத் தொட்டால் கொழுந்து கெட்டுவிடும்.

கடைசியாக, பொழுது சாயுமுன் டாங்கியில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். மாதம் ஒரு முறை பில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை இறக்கி, கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்துவிடுங்கள். நடுராத்திரியில் கதவைத் தட்டி, "அண்ணே, வண்டி எடுங்க" என்று ஒருவர் கூப்பிடும்போது, உங்கள் வண்டி முடக்கில் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்க வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.