துயருற்றார் சொல்லைச் செவிமடுத்தல்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு வாணிகம் செய்யும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். அவருடைய இளவல் கடன்பட்டு மனமுடைந்து, உணவும் உறக்கமும் குன்றி, 'இனி நான் இருந்து ஆவதென்ன?' என்று பலகாலும் சொல்லிவருகிறாராம். "வினைப்பயனைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் நாள்தோறும் எடுத்துரைக்கிறேன்; அவனோ முகங்கொடுத்தும் பேசுவதில்லை. நான் செய்யத்தக்கது யாது?" என வினவுகிறார். இவ்வினா அவர் ஒருவர்க்கே உரியதன்று. ஆதலின் இம்முறை நம் பாடத்தை இதன்மேல் அமைத்துக்கொள்வோம்.

அவ்வன்பர் வாழும் ஊருக்கு அணித்தாகவே, காயலுக்கு அக்கரையில், எறணாகுளத்தில் 'மைத்திரி' என்னும் தொண்டு நிலையம் 1995ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோர்க்குத் துணை நிற்பதே அதன் பணி. பாலி மொழியில் 'மெத்தா' என நாம் ஓதும் சொல்லே வடமொழியில் மைத்திரி என வழங்கும். அங்கே துயருற்றாரிடம் பேசுவோர், பயிற்சி பெற்ற தொண்டர்களே. பட்டம் பெறாதார் எங்ஙனம் துணையாதல் கூடும் என ஐயுறுவோர், இம்முறை தோன்றிய வரலாற்றை அறிதல் நன்று.

சாட் வாரா என்பவர் ஓர் ஆங்கிலப் பாதிரியார். 1935இல் அவர் முதன்முதல் நடத்திய இறுதிச் சடங்கு ஒரு சிறுமியுடையது. அவள் தான் பூப்பெய்தியதைக் கொடிய நோயெனப் பிழைபட உணர்ந்து, அச்சமும் நாணமும் மேலிட உயிர் துறந்தவள். மனந்திறந்து கேட்க ஒருவர் இருந்திருப்பின் அவள் பிழைத்திருப்பாளே என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. 1953இல் இலண்டன் மாநகரின் தேவாலயம் ஒன்றில் தொலைபேசி வைத்து, இறக்க எண்ணுவோர் தம்மை அழைக்கலாம் என அறிவித்தார். பலர் நாடி வந்தனர். அவர்கள் காத்திருந்த வேளையில் தேநீர் அளித்து உடனமர்ந்தோர் எளிய தொண்டர்கள். அத்தொண்டரிடம் பேசியவருட் பலர், தம்மைக் காணாமலே ஆறுதல் பெற்றுச் செல்வதை வாரா கண்டார். எனவே 1954இல் அப்பணியைத் தொண்டரிடமே ஒப்புவித்தார். 'சமாரிட்டன்ஸ்' எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பின் வழியை ஒட்டியே, இலங்கையில் 1974இல் 'சுமித்திரயோ'வும், சென்னையில் மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய 'சிநேகா'வும், பின்னர்க் கொச்சியில் மைத்திரியும் எழுந்தன. மூன்று பெயர்களும் நட்பையே சுட்டுதல் காண்க.

இனி, அவர்தம் முறையிலிருந்து நாம் கற்கத்தக்கவை நான்கு.

முதலாவது, கேட்டல். இடைமறியாமலும், தீர்ப்புக் கூறாமலும், 'இதனினும் பெருந்துன்பம் உற்றோர் உளர்' என ஒப்பிடாமலும் கேட்டல் வேண்டும். அவர் மௌனமாயிருப்பின் நாமும் உடனிருத்தலே போதும்.

இரண்டாவது, நேரே வினவுதல். 'தம்பி, சாக வேண்டும் என்னும் நினைவு வருகிறதா?' என்று கேட்டால் அந்நினைவை நாமே ஊட்டினவராவோம் எனப் பலர் அஞ்சுவர். அவ்வச்சம் தவறு. தனிமையிற் சுமந்த பாரத்தை இறக்கிவைக்க அவ்வினாவே வழிதிறக்கும்.

மூன்றாவது, அடக்கம். கேட்டதை ஊரார்க்கு உரையாமையும், தம் சமயத்தையும் கொள்கையையும் பிறர்மேற் சுமத்தாமையும் இத்தொண்டரின் ஒழுக்கம். நம்மனோர் சிறப்பாகக் கைக்கொள்ளத்தக்கது இது.

நான்காவது, தன் எல்லை அறிதல். நட்பு மருத்துவத்திற்கு ஈடாகாது. ஒருவர் இறக்கத் துணிந்துவிட்டார் எனத் தோன்றின் அவரைத் தனியே விடலாகாது; காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்தேக வேண்டும். அந்நிலையில் மறை காத்தல் பெரிதன்று, உயிர் காத்தலே பெரிது. 2022இல் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' உதவியை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் பெறலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். வழக்கு வருமென அஞ்சவும் வேண்டா. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தவராகவே கருதத்தக்கவர், தண்டனைக்குரியவர் அல்லர் என்பதே 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் நெறி.

'அங்ஙனமாயின் தம்மத்தை எடுத்துரைத்தல் குற்றமோ?' எனின், அன்று. காலம் அறிதல் வேண்டும் என்பதே நம் கருத்து. இறந்த மகவைத் தோளிற் சுமந்து வந்த கிசா கோதமியிடம் பகவர் நிலையாமையைப் பற்றிப் பேருரை நிகழ்த்தினாரல்லர். சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு கொணருமாறு பணித்தார். அவள் வீடுதோறும் சென்று பிறர் துயரைக் கேட்டறிந்து, தானே தெளிந்து மீண்டாள். அதன் பின்னரே அறவுரை அவள் செவியில் ஏறிற்று.

ஆகவே, மட்டாஞ்சேரி அன்பர்க்கு நாம் கூறுவது இதுவே: இன்றிரவு கடையடைத்து இல்லம் சேர்ந்ததும் போதனையை ஒதுக்கிவைத்து, தம்பியின் அருகில் அமர்வீராக. அவர் நெஞ்சில் உள்ளதை வினவுவீராக. விடை வருமளவும் காத்திருப்பீராக. மருத்துவரிடம் செல்லும்போதும் அவருடன் செல்வீராக.