டேப் பார்த்து வாசிப்பதா, கேட்டு வாசிப்பதா?

பேஸ் கிட்டார் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு பாட்டை வாசித்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த ஆசையை அன்றைக்கே ஓரளவு தீர்த்துவைப்பது டேப் என்ற குறிப்பு முறை. நான்கு கோடுகள், கோட்டுக்கு ஒரு கம்பி. மேல்கோடு மெல்லிய ஜி கம்பி, அடிக்கோடு தடித்த ஈ கம்பி. கோட்டின் மேல் 3 என்று இருந்தால் அந்தக் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்த வேண்டும். 0 என்றால் அழுத்தாமல் மீட்ட வேண்டும். வீணையின் மெட்டுகளுக்கு எண் கொடுத்து எழுதியதுபோலத்தான். முதலில் எல்லாம் தலைகீழாக இருப்பதாகத் தோன்றும். கிட்டாரை மடியில் மல்லாக்கப் போட்டுப் பாருங்கள், தடித்த கம்பி உங்கள் பக்கம் இருக்கும், தாளும் கிட்டாரும் ஒத்துப்போகும்.

ஆரம்பிப்பவர்களுக்கு நான் டேப்பைத்தான் சொல்வேன். ஆனால் அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டேப்களில் பெரும்பாலானவை விரலை எங்கே வைப்பது என்று மட்டும் சொல்பவை. எப்போது மீட்டுவது, எவ்வளவு நேரம் ஒலிக்கவிடுவது என்பது அவற்றில் இருக்காது. பேஸ் வாசிப்பவரின் வேலையில் பாதிக்குமேல் இந்த ‘எப்போது’தான். நான் ஒரு பாட்டை இரண்டு வாரம் டேப் பார்த்து மனப்பாடம் செய்தேன். ஒரு எண்கூடத் தவறவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் நண்பரோடு உட்கார்ந்த முதல் நிமிடமே நான் எங்கோ, அவர் எங்கோ. பிங்க் ஃபிளாய்டின் 1973 பாடல் ‘மணி’ ஏழு எண்ணிக்கையில் ஓடுவது. பாட்டைக் கேட்காமல் எண்களை மட்டும் பார்ப்பவர் அதை நான்கில் அடக்கப் பார்த்துத் தடுமாறுவார்.

இது டேப் என்ற முறையின் குறை அல்ல. வெனிஸில் 1507இல் அச்சான, லூட் என்ற பழைய கம்பி வாத்தியத்துக்கான டேப் புத்தகங்களிலேயே கோடுகளுக்கு மேல் கால அளவுக் குறிகள் இருக்கின்றன. கணினியில் எண்களை வெறும் எழுத்துகளாகத் தட்டத் தொடங்கியபோதுதான் அவை பெரும்பாலும் விடுபட்டுப்போயின. ஆகவே டேப்புக்குள்ளேயே ஒரு தேர்வு இருக்கிறது. எண்களுக்குக் கீழே கால அளவுக் குறியோ, கிட்டார் ப்ரோ போன்ற மென்பொருளில் ஒலித்துக் காட்டும் வசதியோ உள்ளதை எடுங்கள். இரண்டும் இல்லாத டேப்பை, நன்றாகக் கேட்டுப் பழகிய பாட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். எந்த டேப்பானாலும் முதலில் ட்யூனிங் குறிப்பைப் பாருங்கள். பதிவில் எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கியிருந்தால், எண்கள் சரியாக இருந்தும் பாட்டோடு சேராது.

நம் கர்நாடக சங்கீத ஸ்வரக்குறிப்பு வெறும் எண் டேப்புக்கு நேர் எதிர். அதில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் நீட்டத்தைச் சொல்லும், தாளத்தின் பிரிவும் தெரியும். எந்தக் கம்பியில் என்பதை வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனும் இந்த விஷயத்தில் நம்முடையதைப் போலத்தான். பேஸில் ஒரே டி ஸ்வரம் மூன்று இடத்தில் கிடைக்கும்: டி கம்பியைத் திறந்து மீட்டினால், ஏ கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில், ஈ கம்பியின் பத்தாவதில். ஸ்டாஃபில் மூன்றுக்கும் ஒரே புள்ளி. ஆனால் திறந்த கம்பி கணீரென்று ஒலிக்கும், ஈ கம்பியில் அதே ஸ்வரம் கனத்து, சற்று மங்கி வரும். எதை எடுப்பது என்ற விவேகம் வர நாளாகும். அதுவரை டேப் கைபிடித்து அழைத்துப்போகும்.

அப்படியானால் ஸ்டாஃப் யாருக்கு? தேவாலயப் பாடகர் குழு, ஒலிப்பதிவுக் கூடம் என்று, தாளை முன்னால் வைத்தவுடன் வாசிக்க வேண்டிய இடங்களுக்குப் போக நினைப்பவர்களுக்கு. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் போன்றவரின் வாசிப்பைக் கற்க விரும்புவோருக்கும் அதுவே வழி. அவர் ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டி, தட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்வரங்களை எடுத்தவர். அந்த நுட்பம் வெறும் எண்களில் சிக்காது. முழு ஸ்டாஃபையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கால அளவுக் குறிகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். சில வாரங்களில் பிடிபடும், டேப்பில் பாதி இருட்டு விலகும்.

மூன்றாவது வழி கேள்வி ஞானம். பால் மெக்கார்ட்னி ஸ்டாஃப் படிக்கத் தெரியாமலேயே பீட்டில்ஸின் பேஸை வாசித்தவர். இந்த வழியில் பலர் முதல் அடியிலேயே சறுக்கக் காரணம் காது அல்ல, போன். ஈ கம்பியின் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். போனின் சிறிய ஸ்பீக்கரால் அதை ஒலிக்க முடியாது. நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், வேகத்தை முக்கால் பங்காகக் குறையுங்கள், கிட்டாரைத் தொடுமுன் பேஸை வாயால் முனகுங்கள். முனக வராததை விரலால் வாசிக்க முடியாது.

தமிழ்த் திரைப்பாடல்களுக்கு இந்த வழியைத் தவிர்க்கவே முடியாது. அவற்றுக்கு நல்ல பேஸ் டேப் அபூர்வம். கிடைப்பவையும் பெரும்பாலும் ஒவ்வொரு கார்டின் மூல ஸ்வரத்தை எழுதிவிட்டு நின்றுவிடும். இளையராஜாவின் 80களின் பாடல்களிலோ பேஸ் தனி மெட்டாகவே பாட்டுக்கு அடியில் நடக்கும். மூல ஸ்வரத்தோடு நின்றால் அந்த நடையே போய்விடும்.

முதல் பாட்டாக யு2வின் ‘வித் ஆர் வித்தவுட் யூ’வை (1987) எடுக்கலாம். நான்கே ஸ்வரங்கள் சீராகத் திரும்பத் திரும்ப வரும். அதில் எண்களைவிட, ஓட்டம் தடுமாறாமல் இருப்பதுதான் பாடம். அடுத்து பென் இ. கிங்கின் ‘ஸ்டாண்ட் பை மீ’ (1961). ஒரே வடிவம் பாட்டு முழுக்கச் சுழல்வதால் நாலைந்து முறை கேட்டாலே மனதில் நின்றுவிடும். இதற்கு டேப்பைக் கடைசியில், சரிபார்க்க மட்டும் திறங்கள்.

மூன்றாவதாக, டேப்பே கிடைக்காத ஒரு தமிழ்ப் பாட்டை எடுத்து நீங்களே எழுதுங்கள். பல்லவி மட்டும் போதும். நோட்டில் நான்கு கோடு போட்டு, அடியில் தாள எண்ணிக்கை 1, 2, 3, 4 என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரெட் எண்களை அதற்குப் பிறகு, அந்தந்த எண்ணிக்கைக்கு நேர் மேலே வையுங்கள்.