காட்டுக்குப் பொம்மை கட்டுகிறவர்களுக்கு

சோளம், கம்பு, மக்காச்சோளம் என்று புதிதாக வெள்ளாமையில் இறங்கியிருக்கிற தம்பி தங்கைகள், குருவி விரட்ட என்ன பொம்மை வைக்கலாம் என்று கேட்கிறார்கள். எந்தப் பொம்மை என்பதைவிட எத்தனை நாளைக்கு என்று கேட்பதுதான் சரி. எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. யார் வந்து தின்கிறார்கள் என்று முதலில் பார். விதைத்த மக்காச்சோளத்தைக் கிளறுவதும் முளையோடு பிடுங்குவதும் காகமும் மயிலும். பால் பிடித்த கம்பிலும் சோளத்திலும் கூட்டமாக விழுவது சில்லையும் தூக்கணாங்குருவியும். சூரியகாந்தி என்றால் கிளி. அது தின்பதைவிடக் கொறித்துக் கீழே தள்ளுவது அதிகம். காலை வெயில் ஏறுவதற்கு முன்னாலும் மாலை நாலு மணிக்கு மேலும் வரப்பில் நின்று பார். எந்த மரத்திலிருந்து இறங்குகின்றன, எந்த மூலையில் முதலில் உட்காருகின்றன என்பது பிடிபட்டுவிடும். பொம்மை அந்த மூலைக்குத்தான் வேண்டும், காட்டின் நட்டநடுவில் அல்ல.

2. தேவைப்படுகிற நாளுக்கு முன்னால் எதையும் நடாதே. விதைப்புக் காலத்தில் முளை வந்து பயிர் வேர் பிடிக்கும்வரை இரண்டு வாரம் காவல் போதும். கதிருக்குப் பால் பிடித்ததிலிருந்து மணி இறுகும்வரை. நாற்றுப் பருவத்திலேயே பொம்மையை நிறுத்திவிட்டால், கதிர் வரும்போது அதன் தலையிலேயே குருவி உட்கார்ந்திருக்கும்.

3. காகத்துக்குக் காகமே மருந்து. செத்த காகத்தைக் கட்டித் தொங்கவிடுவது பழைய வழக்கம். நாறும், நாய் இழுத்துப்போகும். அதைவிடத் துணிக் காகம் மேல். உடைந்த கறுப்புக் குடை ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கும். அதன் துணி மழைக்கு ஊறாது, வெயிலுக்குச் சட்டென்று வெளுக்காது. முக்கோணத் துண்டுகளில் இரண்டை வெட்டி இரண்டு இறக்கை செய். குடைக் கம்பியையே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக ஒடித்து இறக்கையின் முன் ஓரத்தில் மடித்துத் தைத்துவிடு. இன்னொரு துண்டைச் சுருட்டி, உள்ளே தேங்காய் நாரை அடைத்தால் உடம்பு. அலகிலிருந்து வால் நுனிவரை ஒரு முழத்துக்குள் நிற்கட்டும். பெரிதாகப் போனால் காகம் ஏமாறாது. மரத்தடியில் விழுந்து கிடக்கிற நிஜ இறகு நாலைந்து பொறுக்கி வாலிலும் இறக்கை நுனியிலும் செருகு. பளபளக்கிற அந்த இறகுதான் பாதி வேலையைச் செய்கிறது.

கட்டுகிற விதம் முக்கியம். காலில் கட்டித் தலைகீழாக, இறக்கை விரிந்தபடி தொங்க வேண்டும். வளைகிற மூங்கில் குச்சியின் நுனியில், தூண்டில் நரம்பில், பயிருக்கு மேலே ஒரு முழம் விட்டுத் தொங்கவிடு. நரம்புக்கும் குச்சிக்கும் நடுவில் மீன்பிடிக் கடையில் விற்கிற சுழலி ஒன்றைப் போட்டால் முறுக்கிக்கொள்ளாமல் காற்றுக்குச் சுற்றும். முதல் நாள் சுற்றுவட்டாரக் காகமெல்லாம் கூடிக் கத்தித் தீர்க்கும். பயப்படாதே, அதுதான் வேண்டும். கிளிக்கும் சில்லைக்கும் இந்தக் காகம் ஒரு பொருட்டே அல்ல.

4. சின்னக் குருவிகளுக்குப் பருந்து வடிவப் பட்டம். வானத்தில் எந்நேரமும் வட்டமிடுகிற கரும்பருந்தைவிட, குருவியை நிஜமாகவே அடித்துத் தின்கிற வல்லூறின் வடிவத்தை வெட்டு: குட்டைக் கழுத்து, நீண்ட வால். மூங்கில் கழியை ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயர்த்தி அதன் நுனியில் கட்டு. காற்றில்லாத நாளில் இது வெறும் தாள்தான்.

இதில் ஒரு விஷயம். டின்பெர்கன் என்ற டச்சுக்காரர் (பின்னால் 1973இல் நோபல் பரிசு வாங்கியவர்) குட்டைக் கழுத்து நிழலுருவம் தலைக்கு மேல் போனால் பறவைக் குஞ்சுகள் மிரளும், அதையே திருப்பி ஓட்டினால் வாத்து என்று விட்டுவிடும் என்றார். 1961இல் ஷ்லெய்ட் என்பவர் வான்கோழிகளை வைத்துச் சோதித்தபோது, எந்த உருவம் அபூர்வமாக மேலே போகிறதோ அதற்கே அவை அதிகம் மிரண்டன. அடிக்கடி பார்த்த உருவம் அவற்றுக்குச் சாதாரணமாகிவிட்டது. ஆகவே பட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரே இடத்தில் நாலு நாள் விட்டால் போச்சு. தினம் கழியைப் பிடுங்கி வேறு மூலையில் நடு. இரண்டு நாள் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏற்று.

5. பிளாஸ்டிக் ஆந்தைக்குக் காசு கொடுக்காதே. பகலில் ஆந்தையைக் கண்டால் காகமும் கரிச்சானும் கூடிக் கொத்தவே வரும்.

6. மினுங்கு ரிப்பன் நல்லது: ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளி. விறைப்பாக இழுத்துக் கட்டாமல், சில முறுக்கு விட்டுத் தளர்வாகக் கட்டினால்தான் காற்றில் அதிரும், மினுங்கும். வடக்கு தெற்காகக் கட்டு; காலை வெயிலும் மாலை வெயிலும் அதன் அகலத்தில் படும். கதிருக்கு ஒரு சாண் மேலே இருக்கட்டும்.

7. ஆள் பொம்மையைப் பற்றி. கோட்டும் சட்டித் தலையும் கண்திருஷ்டிக்கு ஆகலாம், குருவிக்கு ஆகாது. மனுசன் என்றால் கல் வரும், சத்தம் வரும் என்று அதற்குப் பாடம் இருந்தால்தான் பொம்மையை மதிக்கும். அதனால் பொம்மைக்கு மாட்டிய அதே நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலையில் நீ போய்த் தகரம் தட்டு. குறிஞ்சிப்பாட்டு காலத்தில் தினைப்புனம் காத்த பெண்கள் பரண் மேல் தழல், தட்டை, குளிர் என்று ஒலிக்கருவிகளை வைத்திருந்தார்கள். ஆள் இருந்த இடத்தில் காவல் இருந்தது. இன்றைக்கும் பொம்மை உன் நேரத்தை மிச்சப்படுத்துமே ஒழிய, உனக்குப் பதில் நிற்காது.

8. விரட்டுவதற்கு முன்னால் அழைக்கக் கற்றுக்கொள். பச்சைப் பயிரில் புழு இருக்கும் நாளில் கரிச்சானும் மைனாவும் நமக்குக் கூலியில்லாத ஆட்கள். ஆங்கில 'டி' எழுத்துப்போல் குச்சிகளைப் பயிருக்கு மேலே ஓரடி உயரத்தில், ஏக்கருக்கு இருபது வரை நடு. பகலில் கரிச்சான் அதில் உட்கார்ந்து புழுவையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கும், ராத்திரியில் ஆந்தை வந்து எலி பிடிக்கும். அந்தச் சமயத்தில் ரிப்பனும் பருந்தும் காட்டுப் பக்கமே வரக்கூடாது. பால் பிடித்ததும் குச்சிகளை அன்றைக்கே பிடுங்கிவிடு. விட்டால் சில்லைக்கு நீயே நாற்காலி போட்டுக் கொடுத்ததாகும்.

9. மயிலுக்கு மேலே தொங்குவது எதுவும் உறைக்காது. அது நடந்து வருகிற பறவை. பழைய சேலைகளை வேலியோரம் இடைவெளியில்லாமல் இழுத்துக் கட்டு. அதுவும் சில நாளைக்குத்தான். அப்புறம் நாய் வேண்டும், ஆள் வேண்டும். எவ்வளவு எரிச்சல் வந்தாலும் குருணை மருந்து கலந்த தானியத்தை வைக்கிற யோசனை மட்டும் வேண்டாம். மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வழக்கு உறுதி. அந்தத் தானியம் மயிலோடு நிற்கவும் நிற்காது. மைனா, கோழி, அவற்றைத் தின்ற நாய் என்று போய்க்கொண்டே இருக்கும்.

10. அறுவடைக்கு ஆள் இறங்கும் முன்னால் எல்லாவற்றையும் கழற்று. ரிப்பன் துண்டு தட்டையோடு சேர்ந்துபோனால் மாட்டின் வயிற்றுக்குள் போகும். சாணத்தில் வராது, கால்நடை மருத்துவர் வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார். ரிப்பனைக் கட்டும்போதே எத்தனை வரிசை என்று எண்ணி வைத்துக்கொள், அவிழ்க்கும்போது சரிபார்க்கலாம். குடைக் காகத்தை இறக்கை மடக்கிச் சாக்கில் போட்டு விட்டத்தில் தொங்கவிடு. தரையில் வைத்தால் தேங்காய் நாருக்கு எலி வரும்.