கப்ஸ் லொக் தவறும் எழுத்து நிலை மாற்றமும்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – சொல்முறைவழிப்படுத்தல்

ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்கையில் ‘ஏ’ சாவியை நாடும் இடது சிறுவிரல் பக்கத்திலுள்ள கப்ஸ் லொக்கிலும் பட்டுவிடுவதுண்டு. சாவிப்பலகையையே பார்த்துத் தட்டுபவர் இரண்டு வரி முடிந்த பின்னர்தான் தலைநிமிர்வார். அப்போது சிறிய எழுத்தாக வரவேண்டியவை பெரியனவாகவும், ஷிப்டுடன் அழுத்தியவை சிறியனவாகவும் காணப்படும். இதற்காக அழித்து மீண்டும் தட்டத் தேவையில்லை.

மைக்ரோசொப்ட் வேர்ட்டில் உரிய பகுதியைத் தெரிவுசெய்து ‘சேஞ்ச் கேஸ்’ கட்டளையைப் பயன்படுத்துக. 2003 பதிப்பில் இது ‘போமற்’ பட்டியில் இருந்தது; 2007 பதிப்பு முதல் ‘ஹோம்’ தத்தலில் உள்ளது. ‘சென்டென்ஸ் கேஸ்’ வாக்கியத்தின் முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கும். ‘லோவர் கேஸ்’ அனைத்தையும் சிறிதாக்கும். ‘அப்பர் கேஸ்’ அனைத்தையும் பெரிதாக்கும். ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கும் தெரிவும் உண்டு. ஐந்தாவதான ‘டொகிள் கேஸ்’ பெரியதைச் சிறியதாகவும் சிறியதைப் பெரியதாகவும் புரட்டும்.

பலர் புள்ளியை இழப்பது இங்கேதான். ‘நான் கண்டியில் வசிக்கிறேன்’ எனும் ஆங்கில வாக்கியம் கப்ஸ் லொக்குடன் தட்டப்பட்டுள்ளது எனக் கொள்வோம். ‘சென்டென்ஸ் கேஸ்’ கொடுத்தால் கண்டி என்ற பெயரின் முதலெழுத்து சிறியதாகவே நின்றுவிடும். ‘டொகிள் கேஸ்’ மட்டுமே முழுவதையும் சரியாக மீட்கும். ஷிப்ட் + எப்3 குறுக்குவழியும் எழுத்து நிலையை மாற்றும். ஆனால் அதன் சுழற்சியில் ‘டொகிள் கேஸ்’ இல்லை. எக்செலில் அதே சாவிகள் சார்புகளைப் புகுத்தும் பெட்டியையே திறக்கும். அங்கு அப்பர், லோவர், புரொப்பர் ஆகிய சார்புகளே உதவும்.

கணினிக்கு இம்மாற்றம் மிக எளிது. அஸ்கி முறையில் பெரிய ‘ஏ’ 65, சிறிய ‘ஏ’ 97. எல்லா ஆங்கில எழுத்துகளுக்கும் வித்தியாசம் 32 தான். அதாவது ஒரேயொரு பிற்று மாறுகிறது.

தமிழில் பெரிய, சிறிய எழுத்து இல்லையே எனக் கேட்கலாம். யுனிகோட் தமிழில் இக்கட்டளைகள் எதுவும் செய்யா என்பது உண்மை. பாமினி எழுத்துருவில் நிலைமை வேறு. அங்கு சிறிய ‘எம்’ அ, பெரிய ‘எம்’ ஆ; சிறிய ‘எப்’ க, பெரிய ‘எப்’ கு. எனவே கப்ஸ் லொக் இயங்கும்போது ‘கதவு’ எனத் தட்டினால் ‘குதுவ’ என வரும்.

கப்ஸ் லொக் இயங்காதபோதும் தொல்லை உண்டு. வேர்ட்டின் ‘ஓட்டோ கரெக்ட்’ வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகப் பெரிதாக்குவதால் ‘அம்மா’ ‘ஆம்மா’ ஆகும், ‘உலகம்’ ‘ஊலகம்’ ஆகும். பாமினியில் தட்டுமுன் அத்தெரிவை நீக்கிவிடுக. ஆங்கிலத்துக்கோ ‘ஓட்டோ கரெக்ட்’ பயனுள்ளது. தவறுதலான கப்ஸ் லொக்கைக் கண்டால் சொல்லைத் திருத்தி, கப்ஸ் லொக்கையும் அதுவே நிறுத்திவிடும்.

பயிற்சி வினா: பாமினியில் ‘படகு’ எனத் தட்டிய மாணவிக்குத் திரையில் ‘புடுக’ எனத் தோன்றியது. காரணம் யாது? எத்தெரிவால் திருத்தலாம்?

விடை: கப்ஸ் லொக் இயங்கு நிலையில் இருந்தமை. ‘டொகிள் கேஸ்’. ‘லோவர் கேஸ்’ என எழுதினால் புள்ளி கிடைக்காது. அது ‘படக’ என்றே தரும்.