பட்டாளத்துக்காரர் வீட்டில் பக்கவாதம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு முன்னாள் படைவீரருக்கு வாதம் அடித்துவிட்டால், முதல் வாரம் அந்த வீட்டு வாசலில் செருப்பு விட இடமிருக்காது. மதுரைக்குக் கொண்டு போங்கள் என்பார் ஒருவர். புறா ரத்தம் தேய்க்கச் சொல்வார் இன்னொருவர். மகன் இருக்கும் ஊருக்கே மாற்றிவிடலாம் என்பார் மூன்றாமவர். ஒரு மாதம் போனால் யோசனைகள் நின்றுவிடும். தூக்கி உட்கார வைப்பதும் துடைத்துவிடுவதும் மனைவியின் தலையில் விழும். அவருக்கும் முட்டி வலி, சர்க்கரை எல்லாம் இருக்கும். எனவே மருத்துவ அவசரம் தீர்ந்த பிறகு வரும் ஒவ்வொரு தேர்விலும் ஒரே கேள்வியை முன்னால் வையுங்கள்: இதனால் அந்த அம்மாவின் சுமை குறையுமா, கூடுமா?

திண்டுக்கல்லா, மதுரையா?

அவசர நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடுவதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பா, ரத்தக் கசிவா என்பதை ஸ்கேன் எடுத்தால்தான் சொல்ல முடியும். கசிவுள்ளவருக்கு அந்த ஊசி ஆபத்து. தூங்கி எழும்போதே வாய் கோணியிருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதிலிருந்து கணக்கிடுங்கள். அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

மதுரை அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஸ்கேனும் ஊசியும் பக்கத்தில் உடனே கிடைக்குமானால் முதலில் அங்கேதான் போக வேண்டும். பெரிய குழாய் அடைத்திருந்தால் கட்டியைக் கம்பி வழியாக எடுக்கும் சிகிச்சை உண்டு. தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். அதற்கு மதுரை போக வேண்டுமா என்பதை ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும். புறா ரத்தம், எண்ணெய் என்று ஒரு மணி நேரம் கழிந்தாலும் அது திரும்ப வராது.

எந்த அட்டையைக் காட்டுவது?

பென்ஷன் வாங்கும் படைவீரருக்கு 2003 ஏப்ரலில் தொடங்கிய, முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம்தான் முதல் வழி. பட்டியலில் உள்ள மருத்துவமனையில் பணம் கட்டாமல் சேரலாம். செலவுக்கு உச்சவரம்பு இல்லை. வீடு திரும்பிய பிறகு மாத்திரைகளும் அத்திட்டத்தின் பாலிகிளினிக்கில் கிடைக்கும். அவசரத்தில் பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்த்தாலும் பரவாயில்லை, ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போயாக வேண்டும். பணம் பிறகு திட்டத்தின் கட்டண விகிதப்படிதான் திரும்பும். மிச்சம் குடும்பத்தின் கைச்செலவு.

எழுபது வயது கடந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை ஆண்டுக்கு ஐந்து லட்சம் தருகிறது. ஈ.சி.எச்.எஸ். உள்ளவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். புதிய அட்டை உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. பக்கவாதமோ ஆயுள் முழுக்க மாத்திரை கேட்கும் நோய். ஈ.சி.எச்.எஸ். அட்டையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பென்ஷனுக்கான பணிக்காலம் முடியாமல் வெளியே வந்தவரின் நிலை வேறு. வருமான வரம்புக்குள் வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கூடவே முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். பென்ஷன் இல்லாதவர்களின் கடும் நோய்களுக்கு கேந்திரிய சைனிக் போர்டு தரும் உதவியில் பக்கவாதமும் அடங்கும். டிஸ்சார்ஜ் புத்தகமும் மருத்துவமனையின் அசல் பில்களும் கையில் இருக்கட்டும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பணியால் நேர்ந்த முழு ஊனத்துக்குத் தரப்படும் பராமரிப்புப் படி, ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து வரும் வாதத்துக்குக் கிடைக்காது. வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகருக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

வீடா, மையமா, மகன் ஊரா?

சொன்னது புரிகிறது, பிடித்தால் உட்காருகிறார் என்றால், சில வாரம் மறுவாழ்வு மையத்தில் வைப்பது நல்லது. முன்னேற்றம் வேகமாக வருவது முதல் மூன்று மாதங்களில்தான். தினமும் பயிற்சி நடக்கும் இடத்துக்கு அப்போது மதிப்பு அதிகம். புனே கிர்க்கியில் உள்ள ராணுவ மறுவாழ்வு மையத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்கானது.

முழுக்கப் படுக்கை என்றால் வீடே மேல். ஆனால் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆளுக்குத்தான் வசதி என்றால் பகலுக்கு வேண்டாம், இரவுக்கு வையுங்கள். பகலில் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பவருக்குத் தூக்கம் இருக்காது. புரட்டாவிட்டால் படுக்கைப் புண் வரும். விழுங்க முடிகிறதா என்று மருத்துவர் சோதிக்கும் முன் கஞ்சியோ தண்ணீரோ வாயில் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக இயன்முறைப் பயிற்சியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

மகன் ஊருக்கு மாற்றுவதானால் ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால், அந்த அம்மா நாலு சுவருக்குள் தனியாகிவிடுவார். பகலில் உடன் இருக்க ஓர் ஆள் உறுதியாக உண்டு என்றால் மட்டும் மாற்றுங்கள்.

கையெழுத்து நின்றுபோனால்

பென்ஷன் கணக்கு ‘இருவரில் ஒருவர்’ முறையில் மனைவி பெயரோடு சேர்ந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லாவிட்டால், நினைவு தெளிவாக உள்ளவர் கைரேகையோ கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் வங்கி அதிகாரி. ஆயுள் சான்றை முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் செயலியில் வீட்டிலிருந்தே தரலாம்.

அதிகாரப் பத்திரம் எழுதுவதானால் அவர் புரிந்து சம்மதிக்கும் நிலையில் இருக்கும்போதே எழுத வேண்டும். மனத் தெளிவு போய்விட்டால் சட்டப்படி அது செல்லாது. கோமாவில் இருப்பவரின் சொத்தை விற்றுத்தான் வைத்தியம் என்றால் உயர் நீதிமன்றம்தான் வழி. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு மனைவியைக் கணவரின் காப்பாளராக நியமித்திருக்கிறது.

உறவும் தெருவும் எதைத் தருவது?

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம். விழுங்க முடியாதவருக்கு அவற்றால் பயனில்லை. பணம் தருபவர் ஒரே தடவையாகத் தருவதைவிட, இரவு ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் ஏற்கலாம். நேரம் உள்ளவர் வாரத்தில் ஒரு பிற்பகல் நோயாளியோடு உட்கார்ந்து அந்த அம்மாவைத் தூங்கச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் பில், பரிந்துரைச் சீட்டு, ஆயுள் சான்று மூன்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் அதுவே பெரிய உபகாரம். நோயாளியுடன் பணியாற்றிய பட்டாளத்துக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் பாலிகிளினிக், நல அலுவலகம் ஆகியவற்றின் நடைமுறை அவர்களுக்குத் தெரியும். முதலில் அவர்களைத் தேடுங்கள். “எதுனாலும் சொல்லுங்கம்மா” என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனால், கேட்கும் வேலையும் அந்த அம்மாவுக்கே சேர்கிறது. “செவ்வாய்க்கிழமை பாலிகிளினிக்குக்கு நான் போறேன், சீட்டை எடுத்து வைங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.